கடைசல் கிண்ணத்துக்கு எந்தச் சாயம்? தூள், அடர்திரவம், ஸ்பிரிட் சாயம்: நம் ஊர் மரங்களை வைத்து ஒரு மதிப்புரை

கடைந்த மரத்தில் நாரின் வரியை எடுத்துக் காட்டும் சாயம் மூன்று வடிவங்களில் வருகிறது. தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ (ஆல்கஹாலிலோ) நாமே கரைக்கும் தூள், சொட்டுச் சொட்டாகக் கலக்கும் அடர்திரவம், மூடியைத் திறந்ததும் பூசக்கூடிய ஸ்பிரிட் சாயம். தூளுக்கு கேடா பிராண்டின் ஐந்து நிறப் பெட்டி, அடர்திரவத்துக்கு டிரான்ஸ்டின்ட் பிராண்ட், கலந்தே வருவதற்கு இங்கிலாந்தின் செஸ்ட்நட் நிறுவனத்து ஸ்பிரிட் ஸ்டெய்ன் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரின் புழுக்கத்தில், ரப்பர், மா, பலா, தூங்குமூஞ்சி போன்ற மரங்களில் எது உதவும் என்பதுதான் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் தூள். கறுப்பைப் பூசி, தேய்த்தெடுத்து, மேலே வெளிர்நிறம் ஏற்றுவதுதான் மரவரியை உயர்த்திக் காட்டும் வேலையில் பாதி. அதற்கு வேண்டிய அடர்த்தியை நாமே முடிவு செய்ய முடிவது தூளில்தான்.

ஹார்ட்வேர் கடையில் 'வுட் ஸ்டெய்ன்' என்று டின்னில் விற்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் நிறமித் துகள் கலந்தது. டின்னை இரண்டு நாள் அசைக்காமல் வைத்து, ஒரு குச்சியை அடிவரை விட்டுப் பாருங்கள். சேறு போல ஒட்டிக்கொண்டு வந்தால் அது நிறமி. துகள் கரையாது. மரத்தின் துளைகளிலும் உப்புத்தாள் கீறல்களிலும் போய்த் தங்கும், மற்ற இடங்களில் படலமாக உட்கார்ந்து வரியை மங்க வைக்கும். சாயம் சர்க்கரை போலக் கரைந்து, ஈரம் போகிற இடமெல்லாம் கூடவே போகும். நார் வாய் திறந்து மேல்நோக்கி நிற்கும் இடத்தில் ஆழமாக இறங்கும், படுத்திருக்கும் இடத்தில் மேலோடு நிற்கும். சுருள்வரி, அதாவது அலையலையாக ஓடும் நார் உள்ள மரத்தில் இந்த ஏற்ற இறக்கம் விரற்கடைக்கு விரற்கடை மாறும். அதனால்தான் சாயம் ஏறிய கிண்ணத்தைக் கையில் திருப்பும்போது பட்டுச்சேலை மடிப்பில் ஓடுவது போல வெளிச்சம் ஓடுகிறது.

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சுழலும் கட்டையில் நிறம் சேர்த்த அரக்கை அழுத்தி, உரசும் சூட்டில் உருக்கிப் பூசுவது அந்த முறை. அழகு அரக்கின் பளபளப்பில் இருக்கிறது; மரவரி உள்ளே மறைந்துவிடும். இங்கே நாம் கேட்பது நிறமும் வேண்டும், வரியும் வேண்டும் என்று.

பழைய கடைசல்காரர்கள் இதை அனிலின் சாயம் என்பார்கள். 1856இல் வில்லியம் பெர்க்கின் செய்த ஊதாச் சாயத்தில் தொடங்கிய குடும்பம் அது. அனிலின் என்ற பெயருக்குள் இருப்பது நம் அவுரிச் செடி. வடமொழி நீலி, அரபியும் போர்த்துகீசும் கடந்து 'அனில்' ஆகி வேதியியல் புத்தகத்துக்குள் போனது.

மூன்றும் எப்படி

கேடா பெட்டியில் கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள், செம்பழுப்பு என ஐந்து உறைகள் இருக்கும். இவை போதும். பச்சை, ஆரஞ்சு, ஊதா, காப்பி நிறம் எல்லாம் இவற்றிலிருந்தே வரும். தண்ணீரிலும் கரையும், ஆல்கஹாலிலும் கரையும். தீப்பிடிக்கும் திரவம் விமானத் தபாலில் ஏறுவது கஷ்டம். தூளுக்கு அந்தத் தொல்லை இல்லை. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் நமக்கு இது சின்ன விஷயமல்ல. தூளின் குறை, அது பறக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் ஈர மரத்தில் விழுந்தால் நீலப் புள்ளியாகப் பூத்துவிடும். ஃபேனை நிறுத்தி, முகக்கவசம் அணிந்து, கடைசல் அறைக்கு வெளியே வைத்துக் கரைப்பதே சரி.

டிரான்ஸ்டின்ட் 60 மி.லி. குப்பியில் வரும் அடர்திரவம். லிட்டருக்குச் சுமார் 30 மி.லி. என்பது தொடக்க அளவு; அங்கிருந்து கூட்டலாம், குறைக்கலாம். தண்ணீர், ஆல்கஹால், அரக்கு வார்னிஷ், லேக்கர் எல்லாவற்றிலும் கலக்கும். எண்ணெய் வார்னிஷிலும் டர்பன்டைனிலும் கலக்காது. இதிலுள்ளது உலோகக் கூட்டுச் சாயம், அதாவது சாய மூலக்கூறு ஓர் உலோக அணுவைப் பிடித்துக்கொண்டிருக்கும் வகை. வெளிச்சத்தில் மங்குவதில் சாதாரண அனிலினைவிட இது நிதானம். விற்பனைக்குச் செய்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் விலையைக் கொடுக்கலாம். இன்னொரு நன்மையும் உண்டு. பூசி முடித்த பிறகு நிறம் ஒரு சாயல் குறைவாகத் தோன்றினால், அரக்கு வார்னிஷில் சில சொட்டு விட்டு மேற்பூச்சிலேயே சரிசெய்துவிடலாம்.

ஸ்பிரிட் சாயத்தின் பலம் வேகம். பம்பரம், பேனா, சின்னப் பெட்டி மூடி, கிண்ணத்தின் விளிம்பில் ஒரு பட்டை என்றால் லேத்திலிருந்து கழற்றாமலே பூசி, சில நிமிடத்தில் மேற்பூச்சுக்குப் போய்விடலாம். நாரும் அவ்வளவாக எழாது. ஆனால் அந்த வேகமே பெரிய கிண்ணத்தில் எதிரி. 32, 33 டிகிரி வெயிலில் இரண்டாவது வீச்சு வருவதற்குள் முதல் வீச்சு காய்ந்துவிடும், சேரும் இடத்தில் கறை போல ஒரு கோடு நிற்கும். 15 செ.மீ. விட்டத்துக்கு மேல் போனால் தண்ணீரில் கரைத்ததையே எடுங்கள். கோடு விழுந்துவிட்டால் சுத்தமான ஸ்பிரிட் தோய்த்த தாளால் முழுக் கிண்ணத்தையும் ஒரே மூச்சில் துடைத்தால் பெரும்பாலும் கலைந்து சமமாகும். கோட்டை மட்டும் துடைத்தால் அது இரண்டு கோடாகும்.

கரைப்பான் வாங்குவதில் கவனம் வேண்டும். புடு ஜாலான் பாசார் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் 99 சதவீதம் என்று கேளுங்கள். ஃபார்மசியில் கைதுடைக்க விற்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர்தான். ஸ்பிரிட் என்று நம்பிப் பூசினால் நார் எழுந்து நிற்கும். மெத்திலேட்டட் ஸ்பிரிட் என்றால் நிறமற்றதா என்று குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊதா ஏற்றிய ஸ்பிரிட்டில் மஞ்சளைக் கரைத்தால் அழுக்குப் பழுப்புதான் மிஞ்சும்.

கரைப்பது

தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உலோக உப்புகள் சில சாயங்களைத் திரிய வைக்கும். பெட்ரோல் நிலையத்தில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் வடிநீர் போதும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம், பிளாஸ்டிக் கரண்டி. இரும்பு, அலுமினியம் கூடாது.

தேய்த்தெடுக்கப்போகும் கறுப்புக்கு 5 கிராம் தூள், 150 மி.லி. தண்ணீர். மேலே ஏற்றும் நிறங்களுக்கு 5 கிராமுக்கு 400 மி.லி. வரை நீட்டலாம். கொதிக்கும் தண்ணீர் தேவையில்லை, கை பொறுக்காத சூடு, 60 முதல் 70 டிகிரி போதும். தூளைப் பாத்திரத்தில் போட்டு முதலில் இரண்டு கரண்டித் தண்ணீரில் களி போலக் குழைத்துக்கொண்டு, பிறகு மீதியை ஊற்றிக் கலக்குங்கள். ஓர் இரவு மூடி வைத்து, காப்பி வடிகட்டும் தாளில் வடித்தால் கரையாத துகள் நின்றுவிடும். இந்த வடிகட்டலைத் தவிர்த்துவிட்டு, பிறகு புள்ளி புள்ளியாக வருகிறதே என்று சாயத்தைக் குறை சொல்பவர்கள் பலர்.

ஆல்கஹாலில் கரைக்கும்போது ஏதாவது ஒரு நிறம் முழுக்கக் கரையாமல் அடியில் தங்கினால், அதையும் முதலில் கொஞ்சம் சூடான தண்ணீரில் குழைத்து, ஆறியபின் ஆல்கஹாலை ஊற்றுங்கள். ஆல்கஹாலை எக்காரணம் கொண்டும் அடுப்பில் வைக்கக்கூடாது.

20 செ.மீ. கிண்ணத்துக்கு உள்ளும் வெளியும் ஒரு கை பூச 10 முதல் 15 மி.லி. செலவாகும். ஆக ஒரு கறுப்பு உறையில் பத்துக் கிண்ணம் தாராளமாக வரும்.

பூசுமுன்

சாயம் எதையும் மறைக்காது. உளி பிய்த்த இடம், 120 உப்புத்தாள் விட்டுப்போன வளையக் கீறல், எல்லாவற்றையும் மை தடவிக் காட்டிவிடும். ஆகவே 120, 180, 240, 320 என்று வரிசை தவறாமல் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் பிறகு லேத்தை நிறுத்தி, வரியின் போக்கிலேயே கையால் நாலு இழுப்பு இழுத்தால் வளையங்கள் போகும். முடிந்ததும் வெறும் ஸ்பிரிட்டால் ஒரு முறை துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஈரம் இருக்கிற அந்த அரை நிமிடத்தில் தெரியும் கீறல்தான் சாயத்தில் நிரந்தரமாகத் தெரியப்போகும் கீறல்.

வெடிப்பில் சூப்பர் குளூ விட்டிருந்தால் அதைச் சுற்றி அரை விரல் அகலத்துக்குச் சாயம் பிடிக்காது. வெளிறிய வளையமாக நிற்கும். பசை நாருக்குள் ஊறி அடைத்துவிடுவதே காரணம். மேலாகத் தேய்த்தால் போகாது. வெடிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் சாயம், காய்ந்தபின் பசை என்று வரிசையை மாற்றுங்கள். பச்சைக் கட்டையின் முனையில் உலராமல் இருக்கப் பூசும் மெழுகுக்கும் இதே கதிதான். கடையும்போது மெழுகு ஏறிய பகுதி முழுக்கப் போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேய்ப்பதற்கு இரும்புக் கம்பளியும் வேண்டாம். அதன் பொடி துளைக்குள் தங்கி, தண்ணீர்ச் சாயம் பட்டதும் துவர்ப்புள்ள மரத்தோடு சேர்ந்து கறுப்புப் புள்ளி வைக்கும்.

மரம் காய்ந்திருக்க வேண்டும். திறந்த கொட்டகையில் கோலாலம்பூர்க் காற்றில் மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்கு அருகில் நின்றுவிடும், அதற்குக் கீழே போகாது. சாயத்துக்கு அது போதும். 20க்கு மேல் இருந்தால் சாயம் உள்ளே போகாமல் மேலேயே திட்டுத் திட்டாகத் தங்கும்.

கறுப்பைப் பூசி எடுப்பது

தண்ணீரில் கரைத்த கறுப்பே இதற்கு ஏற்றது. தண்ணீர் நாரை எழுப்பும் என்பது உண்மை, ஆனால் அடுத்து எப்படியும் தேய்க்கப்போகிறோம்; எழுந்த நாரும் அதே தேய்ப்பில் போய்விடும்.

லேத்தை நிறுத்துங்கள். மடித்த சமையலறைத் தாளால் தாராளமாகப் பூசுங்கள், துணி வேண்டாம். துணியோடு வேலை செய்து பழகிய கை, லேத் ஓடும்போதும் துணியோடு போகும். சிக்கினால் விரலை இழுக்கும், தாள் கிழிந்துவிடும். கையால் சுற்றிக்கொண்டே, ஈர விளிம்பு காயாமல் முழுக் கிண்ணத்தையும் நனைத்து, இரண்டு நிமிடம் விட்டு மிச்சத்தை ஒற்றி எடுங்கள். ஓர் இரவு காயட்டும்.

மறுநாள் கிண்ணம் அடுப்புக்கரி மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 320 உப்புத்தாளைச் சின்ன மெத்தைத் துண்டில் சுற்றி, வரியின் போக்கில் தேயுங்கள். முதல் பத்து இழுப்பில் சாம்பல் மாவு கொட்டும், மரம் அழுக்குச் சட்டை போலத் தெரியும். விடாமல் தொடருங்கள். படுத்த நாரிலிருந்து கறுப்பு முதலில் விலகும். சுருள்வரியுள்ள மாமரத்தில் அந்த இடங்கள் தேங்காய்ப்பால் நிறத்துக்குத் திரும்ப, இடையிலே நின்ற நாரில் மட்டும் கறுப்பு நுண்ணிய அலைக்கோடுகளாகத் தங்கும். கோட்டின் ஒரு கரை கூர்மையாகவும் மறு கரை கரைந்து மறைவதாகவும் இருக்கும். அந்த மங்கும் கரைதான் ஆழம் என்ற தோற்றத்தைத் தருகிறது. அதுவும் போகும்வரை தேய்த்துவிடாதீர்கள்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கோடுகளுக்கு இடைப்பட்ட மரம் சாம்பல் பூச்சில்லாமல் தன் சொந்த நிறத்தைக் காட்டும்வரை போக வேண்டும். சாம்பல் மிச்சமிருக்கும்போதே மஞ்சளைப் பூசினால் பொன்னிறம் கிடைக்காது, பாசிப் பச்சை கிடைக்கும். கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் அப்படித்தான். மஞ்சள்தான் கடைசி நிறம் என்று தீர்மானித்திருந்தால், அடியில் கறுப்புக்குப் பதில் செம்பழுப்பைப் பூசுவது பாதுகாப்பு. வரி சற்று மென்மையாகத் தெரியும், ஆனால் தேன் நிறம் தேன் நிறமாகவே வரும். நீலத்துக்கும் சிவப்புக்கும் கறுப்பே அடி.

தூளில் இங்கே ஒரு சிக்கல் உண்டு, சொல்லியாக வேண்டும். அது இரண்டு கரைப்பானிலும் கரைவது என்பதால், மேல் நிறத்தை எதில் கரைத்துப் பூசினாலும் அடியிலுள்ள கறுப்பு கொஞ்சம் இளகும். அழுத்தித் துடைத்தால் கறுப்பு இழுபட்டு மேல் நிறம் அழுக்காகும். தாளைப் பிழிந்து, ஈரம் மட்டும் இருக்கும்படி வைத்துக்கொண்டு ஒரே வீச்சில் தடவி விட்டுவிட வேண்டும். ஏர்பிரஷ் இருந்தால் இன்னும் நல்லது. விளிம்பில் சிவப்பு, நடுவில் மஞ்சள் என்று நிறத்தை நிறத்துக்குள் கரைய விடவும் அதுவே வசதி. ஏர்பிரஷ் இல்லாதவர்கள் மஞ்சளை முழுக்கப் பூசி, ஈரம் காயும் முன் விளிம்பிலிருந்து சிவப்பை இறக்கி, சேரும் இடத்தை வெறும் ஸ்பிரிட் தாளால் ஒற்றினால் எல்லை கலையும்.

காய்ந்த சாயம் கரும்பலகை போல உயிரற்றுத் தெரியும். நிறம் பற்றவில்லை என்று நினைத்து மேலும் மேலும் பூசுவதே மிகப் பொதுவான தவறு. அளவு மீறினால் கறுப்பிலும் நீலத்திலும் பித்தளை போன்ற ஒரு மினுக்கு மேலே நிற்கும், வரியை மறைக்கும். உண்மையான நிறம் பார்க்க ஓரத்தில் ஸ்பிரிட்டை ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். மினுக்கு வந்துவிட்டால் ஈரத்தாளால் மேலோட்டமாகத் துடைத்து எடுத்துவிடலாம்.

மரத்துக்கு மரம்

மாமரம் இந்த வேலைக்கென்றே பிறந்தது போல இருக்கிறது. வெளிர் நிறம், அடிக்கடி சுருள்வரி, காளான் ஏறிய கட்டை என்றால் கறுங்கோடு வேறு. காளான் தின்று மிருதுவான பகுதி மட்டும் சாயத்தை அளவுக்கு மீறிக் குடிக்கும்; அங்கே தாளைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.

ரப்பர் மரம் மலிவு, எங்கும் கிடைக்கும். பால் குறைந்து 25, 30 வயதில் வெட்டும் மரம், ஒருகாலத்தில் விறகாகப் போனது. நிறத்தை அழகாக வாங்கும், ஆனால் சுருள்வரியை அதில் எதிர்பார்க்காதீர்கள். கறுப்பைப் பூசி எடுத்தால் துளைகள் மட்டும் கறுத்து, தூறல் போலச் சிறு கோடுகளாக நிற்கும். அது தனி அழகு. தொல்லை எங்கே என்றால், சாய்ந்து வளர்ந்த மரத்தின் ஒரு பக்கத்து நார் பஞ்சு போல இருக்கும். உளி அதை வெட்டாமல் பிய்க்கும். அந்தப் பஞ்சு சாயத்தை உறிஞ்சி முகத்தில் மங்கு விழுந்தது போல ஆகிவிடும். தேய்ப்பது மட்டும் போதாது. அரக்கு வார்னிஷை மிக நீர்க்கப் பூசி நாரை விறைக்க வைத்து, கூர்தீட்டிய உளியால் கடைசி வெட்டை மறுபடி எடுங்கள். நீலக்கறை பிடித்த பலகையாக இருந்தால் மஞ்சளை மறந்து நீலம், பச்சை, கறுப்பு என்று போவதே நல்லது.

பலாவின் வைரம், அதாவது முதிர்ந்த நடுமரம், தானே மஞ்சள். இலங்கையிலும் தாய்லாந்திலும் துறவிகளின் ஆடைக்குச் சாயம் காய்ச்சிய மரம், நமக்கு வீணைக் குடமும் மிருதங்கக் கட்டையும் ஆன மரம். நீலத்தைப் பூசினால் பச்சை வரும் என்று தெரிந்தே பூச வேண்டும். அந்த மஞ்சளும் நாளடைவில் பழுப்பாக முதிரும், அதோடு பச்சையும் மாறும். பலாவுக்குச் சாயமே வேண்டாம், நல்ல மேற்பூச்சு போதும் என்பது என் கருத்து.

தூங்குமூஞ்சியில் வைரம் காப்பி நிறம், வெளிமரம் வெளிர் மஞ்சள். வெளிமரத்துக்கு மட்டும் நிறம் கொடுத்தால் கிண்ணத்தின் விளிம்பில் தீக்கங்கு போலத் தெரியும். வேங்கை இனத்து அங்சானாவையும் மெர்பாவையும் சாயத்திலிருந்து விட்டுவிடுங்கள். தண்ணீர் பட்டாலே அவற்றின் சாறு இறங்கி நிறத்தைக் கெடுக்கும்.

எந்த மரமானாலும் கிண்ணத்தில் எதிரெதிரே இரண்டு இடங்களில் வெட்டுமுகம், அதாவது நாரின் வாய் திறந்து நிற்கும் முகம் வரும், மற்ற இடங்களைவிட அங்கே இருட்டாகும். அந்த இரண்டு இடங்களை மட்டும் 400, 600 வரை தேய்த்து வாயை அடைத்தால் வித்தியாசம் குறையும். லிட்டருக்கு 60 கிராம் அரக்குத் தகடு கரைத்த நீர்த்த பூச்சை முதலில் கொடுப்பதும் உண்டு, அதை வெட்டுமுகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுக் கிண்ணத்துக்கும் கொடுத்தால் சாயம் சமமாகும், கூடவே வரியும் சமமாகித் தூங்கிவிடும்.

வெளிச்சமும் மேற்பூச்சும்

எந்தச் சாயமும் வெயிலுக்கு நிரந்தரமல்ல. தண்ணீரில் கரைவது பொதுவாக நின்று தாங்கும், ஸ்பிரிட்டில் மட்டும் கரைவது சீக்கிரம் மங்கும், உலோகக் கூட்டுச் சாயம் நன்றாகவே தாங்கும். வாங்கிய சாயத்தை நீங்களே சோதிக்கலாம். ஒரு பலகைத் துண்டில் எல்லா நிறத்தையும் பட்டை பட்டையாகப் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, ஜன்னலோரம் நான்கு வாரம் வையுங்கள். தாளை எடுத்தால் எந்த நிறத்தை நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

மேற்பூச்சில் பெரிய விதி ஒன்றுதான். சாயத்தைக் கரைத்த கரைப்பானையே கொண்ட பூச்சைத் தூரிகையால் தேய்க்காதீர்கள். ஸ்பிரிட் சாயத்தின் மேல் அரக்கு வார்னிஷைத் துடைத்தால் நிறம் தாளோடு வந்துவிடும். தண்ணீர் வார்னிஷுக்கும் தண்ணீர்ச் சாயத்துக்கும் அதே உறவு. முதல் இரண்டு பூச்சை ஸ்பிரே டப்பாவில், தொட்டும் தொடாமலும் அடித்துப் பூட்டிவிட்டால் பிறகு எதையும் பூசலாம். எண்ணெய்ப் பூச்சு தண்ணீர்ச் சாயத்தைக் கலைக்காது. ஆனால் எண்ணெயின் மஞ்சள், நீலத்தைப் பச்சைப் பக்கம் தள்ளும். நீலம் நீலமாகவே இருக்க வேண்டுமென்றால் நிறமற்ற அக்ரிலிக் லேக்கர்தான்.

மழை வரும் மாலையில் லேக்கரும் அரக்கும் பால் போல வெளுக்கும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பூச்சில் இறங்கிவிடுவதுதான் காரணம். கறுப்பு, நீலக் கிண்ணத்தில் இது மிகக் கொடுமையாகத் தெரியும். இங்கே விடியற்காலையிலும் ஈரம் அதிகம். காலை 11 முதல் மதியம் 2 வரைதான் பூசும் நேரம். வெளுத்துவிட்டால் பதற்றத்தில் மேலும் பூசாமல், மறுநாள் அதே நேரத்தில் கரைப்பானை மட்டும் மெல்லிய மூட்டமாக அடித்தால் பெரும்பாலும் தெளியும்.

பாத்தேக் துணிக்குப் போடும் சாயத்தை மரத்துக்குப் பூசலாமா என்று பலர் கேட்பதுண்டு. ரெமசோல் போன்ற அந்தச் சாயங்கள் துணி நாரோடு வேதிப்பிணைப்பு ஏற்படுத்தும் வகை. அதற்குக் காரம் வேண்டும், அதனால்தான் பாத்தேக்கில் சோடியம் சிலிகேட் பூசிக் கழுவுகிறார்கள். மரத்தில் காரம் பூசினால் மரமே நிறம் மாறும், கழுவவும் முடியாது. காரமின்றிப் பூசினால் நிறம் ஏறும், ஆனால் ஈரக்கை பட்டால் கைக்கு வரும். பழகுவதற்கு மலிவான வழி, விற்பனைக் கிண்ணத்துக்கு அல்ல. சமையல் நிறமும் அப்படியே, வெயிலில் இன்னும் வேகமாகப் போகும்.

சாயம் ஏற்றிய கிண்ணத்தில் சாப்பாடு பரிமாற வேண்டாம். விற்கும்போது அடியில் அழகுப் பொருள் என்று எழுதிவிடுங்கள். பூசும்போது கையுறை இரண்டு அடுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு ஒரு வாரம் இருக்கும். ஸ்பிரிட் நனைந்த தாள்களைக் கூடையில் குவிக்காமல் வெளியே விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

கரைத்து வைத்த தண்ணீர்ச் சாயத்தில் நம் சூட்டுக்குப் பூஞ்சை படரும். மாதக்கணக்கில் வைக்காமல், அவ்வப்போது தேவையான அளவை மட்டும் கரைப்பதே வழி. மீந்த தூளைச் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் போட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். புட்டியின் மேல் நிறத்தின் பெயரோடு, எத்தனை மி.லி.க்கு எத்தனை கிராம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். ஒருவர் வாங்கிப்போன கிண்ணத்துக்கு ஜோடி கேட்டு மூன்று மாதம் கழித்து வந்தால், அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் அதே நிறத்தைத் திரும்பக் கலக்க முடியும்.